நடுரோட்டில் பிடிபட்ட ஓட்டு எந்திரம்! பெட்டி போய் பட்டன் வந்த கதை

சென்னை வேளச்சேரி. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி. சட்டசபை தேர்தல் ஓட்டுப்பதிவு முடிந்து ஊர் ஓய்ந்துகொண்டிருந்த நேரம்.

தரமணி 100 அடி ரோட்டில் இரு சக்கர வாகனம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த சாமானைப் பார்த்த சிலருக்குப் பொறி தட்டியது. வண்டியை மடக்கினார்கள். இருந்தது அரிசி மூட்டை அல்ல. கேஸ் சிலிண்டரும் அல்ல.

ஓட்டு எந்திரம்!

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ, கூட்டம் கூடிவிட்டது. கட்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே போலீசாரும் வந்தார்கள். வண்டியில் எந்திரத்தைக் கொண்டுபோனவர்கள் மாநகராட்சி ஊழியர்கள் என்று தெரிந்தது. லாரியில், துப்பாக்கி ஏந்திய போலீஸ் காவலோடு போக வேண்டிய சாமான், பால் கேன் மாதிரி டூவீலரில் போனால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

"இது ஓட்டுப்பதிவுக்குப் பயன்படாத எந்திரம்" என்று முதலில் விளக்கம் வந்தது. விசாரணையில் வேறு விஷயம் வெளியே வந்தது.

பிடிபட்டவற்றில் ஒன்று, போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சடித்துக் காட்டும் "விவிபாட்" எந்திரம். அது 92-ம் நம்பர் ஓட்டுச்சாவடியில் அன்று 50 நிமிடம் வேலை செய்திருக்கிறது. 15 ஓட்டு அதில் பதிவாகி இருக்கிறது. அப்புறம்தான் பழுதாகி மாற்றப்பட்டிருக்கிறது.

15 ஓட்டு பதிவான எந்திரம் நடுரோட்டில்! விடுவார்களா? அந்தச் சாவடிக்கு மறு ஓட்டுப்பதிவு நடத்த தேர்தல் கமிஷன் உத்தரவு போட்டது.

"போயும் போயும் 15 ஓட்டுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று அலட்சியமாகக் கேட்பவர்கள், வேளச்சேரியில் இருந்து மின்சார ரெயில் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கும் தியாகராயநகரைப் பார்க்கவேண்டும். அதே தேர்தலில் அங்கே தி.மு.க. வேட்பாளர் ஜெயித்த வித்தியாசம் 137 ஓட்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காரும் கூட்டம்கூட அதைவிட அதிகம் இருக்கும்.

பெட்டிக் காலம்

ஓட்டுப்பெட்டி இருந்த நாட்களை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீளமான சீட்டு. ரப்பர் ஸ்டாம்பு. மை சிந்திய மேஜை. குத்திய சீட்டை மடித்து இரும்புப் பெட்டியின் வாயில் திணித்துவிட்டு வரவேண்டும்.

சீட்டை மடிக்கும்போது மை இன்னொரு சின்னத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு சின்னத்துக்கு நடுவே கோட்டின் மேல் குத்திவிட்டுப் போவார் ஒரு பெரியவர். இது யாருக்கு என்று எண்ணும் மேஜையில் ஒரு மணி நேரம் தகராறு நடக்கும். கடைசியில் "செல்லாத ஓட்டு" என்று ஒரு ஓரமாகப் போய்விடும். கால் கடுக்க நின்று போட்ட ஓட்டு, கணக்கிலேயே வராது.

ரவுடிகளுக்கோ அது பொற்காலம். பத்து தடியர்கள் சாவடிக்குள் புகுந்தால் போதும். ஏஜெண்டுகளை விரட்டிவிட்டு, சீட்டுக் கட்டைப் பிடுங்கி, மளமளவென்று குத்திப் பெட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். முடியாவிட்டால் பெட்டிக்குள் மையோ தண்ணீரோ ஊற்றிவிட்டு ஓடலாம். வட மாநிலங்களில் சாவடியைப் பிடிப்பதே ஒரு தொழிலாக நடந்தது. அதற்கென்றே 1989-ல் சட்டத்தில் தனிப் பிரிவு கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையோ ராத்திரி முழுக்க நடக்கும். மறுநாளும் நடக்கும். சீட்டைப் பிரித்து, அடுக்கி, கட்டுக்கட்டாகக் கட்டி எண்ணவேண்டும். டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.

பெட்டிக் காலத்தின் உச்சகட்ட வேடிக்கை நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1996 சட்டசபை தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் மொத்தம் 1,033 பேர் போட்டி! விவசாயிகள் தங்கள் கோரிக்கைக்காகக் கூட்டங்கூட்டமாக மனு போட்டுவிட்டார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகம் போல ஆகிவிட்டது. ஓட்டுப்பதிவையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது அவரவர் ஓட்டே அவரவருக்கு இல்லை! அந்த வருஷமே சட்டசபை வேட்பாளர் டெபாசிட்டை 250 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக ஏற்றிவிட்டார்கள்.

பரவூரில் முதல் பட்டன்

எந்திரத்தில் ஓட்டுப் போட்டது முதன்முதலில் நம் பக்கத்து மாநிலத்தில். 1982-ம் ஆண்டு மே 19-ந்தேதி கேரளாவில் பரவூர் தொகுதி. அங்கே 50 சாவடிகளில் மட்டும் பட்டன் வைத்தார்கள்.

கம்யூனிஸ்டு வேட்பாளர் சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. "சட்டத்தில் ஓட்டுச்சீட்டு என்றுதானே இருக்கிறது? எந்திரம் என்று எங்கே இருக்கிறது?"

எந்திரம் நல்லதா கெட்டதா என்பது அங்கே முக்கியமாகப் படவில்லை. சட்டத்தில் இடம் இல்லை. எனவே செல்லாது என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளிலும் பழையபடி சீட்டு வைத்து மறு ஓட்டுப்பதிவு நடந்தது. முடிவு தலைகீழானது. ஜோஸ் ஜெயித்தார்!

1988 டிசம்பரில் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. எந்திரம் சட்டப்படி உள்ளே வந்தது. தயாரித்தவை இரண்டும் அரசாங்கக் கம்பெனிகள். ஒன்று பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இன்னொன்று ஐதராபாத் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். அப்போது ஒரு எந்திரத்தின் விலை சுமார் 5 ஆயிரத்து 500 ரூபாய்.

பெங்களூர் கம்பெனியில் இந்த எந்திரத்தை உருவாக்கும் வேலைக்குத் தலைமையாக நின்றவர் எஸ்.ரங்கராஜன். திருவல்லிக்கேணியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். பெயரைச் சொன்னால் தெரியாது. புனைபெயரைச் சொன்னால் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். எழுத்தாளர் சுஜாதாதான் அவர்! வாராவாரம் தொடர்கதையில் கொலையாளியைத் தேட வைத்த அதே கை, பகலில் கள்ள ஓட்டுக்காரனை மடக்கும் எந்திரத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தது.

தடியனுக்கு வேலை போச்சு

அப்படி என்ன செய்துவிட்டது இந்தப் பெட்டி? பட்டன் இருக்கும் பலகை மறைவுக்குள் இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவி சாவடி அதிகாரியின் மேஜை மேல் இருக்கும். இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. அதிகாரி தன் பக்கத்துப் பட்டனை அமுக்கினால்தான் ஒரே ஒரு ஓட்டுப் போட வழி திறக்கும். ஓட்டர் பட்டனை அமுக்கியதும் சிவப்பு விளக்கு எரியும், "பீப்" என்று சத்தம் வரும். அத்தோடு பூட்டிக்கொள்ளும். மறுபடி நூறு தடவை குத்தினாலும் ஏறாது.

கரண்டும் தேவையில்லை, பாட்டரியில் ஓடும்.

தடியர்கள் புகுந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் எந்திரம் வாங்காது. ஆயிரம் ஓட்டு குத்த வேண்டுமானால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் போலீஸ் வேன் வந்துவிடாதா? அதிகாரி சாமர்த்தியசாலியாக இருந்தால் "குளோஸ்" பட்டனை அமுக்கிவிடுவார். பிறகு ஆண்டவனே வந்தாலும் அன்றைக்கு அதில் ஓட்டுப் போட முடியாது.

செல்லாத ஓட்டு என்ற பேச்சே பட்டனில் கிடையாது. எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே யார் ஆட்சி என்று தெரிந்துவிடுகிறது.

2001 சட்டசபை தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் எந்திரம்தான் என்று அறிவிப்பு வந்தது. அ.தி.மு.க. சென்னை ஐகோர்ட்டுக்குப் போய் எதிர்த்தது. கோர்ட்டு ஏற்கவில்லை. தேர்தல் நடந்தது. ஜெயித்து ஆட்சியைப் பிடித்த கட்சி எது தெரியுமா? வழக்குப் போட்ட அதே அ.தி.மு.க.! எந்திரத்தின் மேல் பழி சொல்வது தோற்றவர் வழக்கம், ஜெயித்ததும் அதை மறப்பதும் வழக்கம் என்பதற்கு அப்போதே பிள்ளையார் சுழி போட்டாயிற்று. 2004 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க எந்திரம் வந்துவிட்டது.

அதற்காகச் சீட்டு ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் நடந்த கிராம ஊராட்சித் தேர்தலில் ஒவ்வொருவரும் நாலு பதவிக்கு நாலு நிறச் சீட்டில் குத்தினார்கள். எண்ணி முடிக்க ராத்திரி பகல் பாராமல் உட்கார வேண்டியிருந்தது. தபால் ஓட்டும் காகிதம்தான். 2016-ல் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் 49 ஓட்டில் முடிவு வந்தது. தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகளைச் சொல்லி ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. ஓட்டுப் போட்டவருக்கு அத்தாட்சிக் கையெழுத்து போட்டவர் தலைமை ஆசிரியர். அது செல்லுமா, செல்லாதா? இதுதான் சண்டை.

கண்ணுக்குத் தெரியாத பூட்டு

பெட்டிக் காலத்தில் திருட்டு நடந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. கதவு உடையும். மை சிந்தும். அடிபட்ட ஏஜெண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். எந்திரத்தில் ஒருவன் கை வைத்தால் எது தெரியும்? வெளியே அதே விளக்கு, அதே பீப் சத்தம்தானே?

இந்தக் கேள்விதான் இருபது வருஷமாக விடாமல் துரத்துகிறது.

2010-ல் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத்தும் இரண்டு வெளிநாட்டு நிபுணர்களும் ஒரு எந்திரத்தைப் பிரித்துக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரியும் பலகையை மாற்றி வைத்தால் பொய்க் கணக்கு காட்ட முடியும். உள்ளே இருக்கும் கணக்கைச் சின்னக் கருவி ஒன்றை மாட்டி மாற்றவும் முடியும் என்றார்கள். நாடே பரபரப்பானது.

அதற்கடுத்து வந்ததுதான் பெரிய செய்தி. "அது சரி, உனக்கு இந்த எந்திரம் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டது போலீஸ். அது மும்பையில் அரசாங்கக் காவலில் இருந்து காணாமல் போன எந்திரம்! ஆகஸ்டு மாதம் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். ஒரு வாரம் கழித்து ஜாமீனில் வந்தார்.

"எந்திரத்தைக் கையில் எடுத்துப் பிரித்தால்தானே இதெல்லாம்? நாங்கள் யாரையும் கிட்டவே விடுவதில்லை. நெட்டோ, வயர்லெசோ எதனோடும் இதற்குத் தொடர்பு கிடையாது" என்பது தேர்தல் கமிஷனின் வாதம். வாதம் பலமானதுதான். ஆனால், "யாரையும் கிட்டவே விடாத" எந்திரம் மும்பையில் எப்படிக் காணாமல் போனது? வேளச்சேரியில் எப்படி டூவீலர் ஏறியது? சாமானியன் சந்தேகம் சிப்புக்குள் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போகும் கை மேல்தான்.

ஜெர்மனியில் 2009 மார்ச்சில் அரசியல் சட்டக் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. தேர்தலின் முக்கியமான கட்டங்களை, தொழில்நுட்பம் படிக்காத சாதாரண ஆளும் சரிபார்க்க முடியவேண்டும். அங்கே பயன்படுத்திய எந்திரத்தில் அது முடியாது. எனவே அது சட்டத்துக்கு விரோதம் என்று! அங்கே பழையபடி பென்சிலும் காகிதமும் வந்துவிட்டன.

ஏழு வினாடி

இங்கே ஓட்டரின் கண்ணுக்கு ஒரு ஜன்னல் திறந்தது.

சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, போட்ட ஓட்டு சரியாக விழுந்ததா என்று ஓட்டருக்குக் காட்ட வேண்டும் என்றது. அதற்குத்தான் விவிபாட். பட்டனை அமுக்கியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டு தெரியும். அதில் வேட்பாளர் பெயர், சின்னம், வரிசை எண் இருக்கும். ஏழே ஏழு வினாடி. அப்புறம் தானாக அறுந்து உள்ளே விழுந்துவிடும். கையில் கிடைக்காது. கிடைத்தால், "எங்களுக்குத்தான் போட்டாயா, சீட்டைக் காட்டு" என்று தெருமுனையில் நிற்பவன் கேட்பானே!

அந்தச் சீட்டுகள் எல்லாம் எண்ணப்படுகின்றனவா என்றால், இல்லை. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி ஒரு சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடி. குலுக்கலில் வரும் ஐந்து. அதில்தான் சீட்டையும் எந்திரக் கணக்கையும் ஒப்பிடுவார்கள்.

"நூறு சதவீதமும் எண்ணு, இல்லாவிட்டால் பழைய சீட்டுக்கே போ" என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரல் 26-ந்தேதி நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா இருவரும் இரண்டையும் நிராகரித்தனர். ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்த வேட்பாளர், முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சதவீத எந்திரங்களின் சிப்பைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு கேட்டவர் தலையில். தில்லுமுல்லு நிரூபணமானால் பணம் வாபஸ். சின்னங்களை விவிபாட்டில் ஏற்றும் கருவியையும் சீல் வைத்து 45 நாள் காக்க வேண்டும் என்றார்கள்.

எந்தத் தெரு யாருக்குப் போட்டது?

எல்லோரும் "எந்திரத்தில் திருடலாமா" என்றே பேசுகிறார்கள். எந்திரம் பகிரங்கமாக எடுத்துக்கொண்டு போன இன்னொரு பொருளைப் பற்றிப் பேச ஆளில்லை.

பெட்டிக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ணும் முறை இருந்தது. அரிசியும் உளுந்தும் கலந்த மாதிரி. எந்தச் சீட்டு எந்தத் தெருவில் இருந்து வந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது.

எந்திரத்தைக் கலக்க முடியுமா? ஒவ்வொரு சாவடி எந்திரமும் தனித்தனியாகக் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு சாவடி வாரியாக இணையத்திலேயே வெளியாகிறது. ஒரு சாவடி என்பது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. நாலைந்து தெரு. சில இடங்களில் ஒரே குடிசைப் பகுதி, ஒரே குடியிருப்பு. ஜெயித்த ஆளுக்கும் தோற்ற ஆளுக்கும் மறுநாளே தெரிந்துவிடும், எந்தத் தெரு கைகொடுத்தது, எந்தத் தெரு கை விரித்தது என்று.

தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை.

விளைவு என்ன ஆகலாம் என்று கடைக்காரர்களுக்கும் குடிசைவாசிகளுக்கும் விளக்கத் தேவையில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டது. முறையிடப் போனால், "உங்க தெருவுலதான் நமக்கு ஓட்டே விழலையே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதாதா? வாயால் சொல்லவே வேண்டாம். ஒரு சிரிப்பு போதும்.

இதற்கு மருந்தும் உண்டு. பதினாலு எந்திரங்களை ஒரே நேரத்தில் இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் சொல்லும் "டோட்டலைசர்" கருவி. 2008-லேயே தேர்தல் கமிஷன் மத்திய அரசுக்குச் சிபாரிசு செய்தது. 2015-ல் சட்டக் கமிஷனும் "கொண்டு வாருங்கள்" என்றது. மத்திய அரசு இசையவில்லை. கட்சிகள் சாவடிக் கணக்கை வைத்துத்தான் ஆளை வேலைக்கு வைக்கின்றன. எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு, அங்கே எத்தனை குறைந்தது என்று பேரேடு போல நோட்டு வைத்திருக்கின்றன. அதை விட்டுக்கொடுக்க எந்தக் கட்சிக்கு மனம் வரும்?

நோட்டும் பட்டனும்

தடியன் போனான், பணப்பையோடு வேறு ஆள் வந்தான். சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? 2017 ஏப்ரல் 12-ந்தேதி ஓட்டுப்பதிவு நடப்பதாக இருந்தது. பணம் தண்ணீராகப் பாய்கிறது என்று சொல்லி அதற்கு மூன்று நாள் முன்பு தேர்தலையே ரத்து செய்தது கமிஷன். டிசம்பரில் மறுபடி நடந்தபோது 59 பேர் போட்டி. ஒரு பலகைக்கு 16 பெயர். ஆக நாலு பலகையை வரிசையாக வைத்தார்கள். அப்போதும், 20 ரூபாய் நோட்டு டோக்கனாகக் கொடுக்கப்பட்டது என்ற புகார் சந்து சந்தாகப் பேசப்பட்டது. வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்கும் கவரைப் பிடிக்க எந்தச் சிப்பும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மொடக்குறிச்சி கதைக்கும் புது எந்திரம் ஈடுகொடுக்கிறது. 2019-ல் தெலுங்கானா நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் அதே பாணியில் குதித்தார்கள். 185 வேட்பாளர். பன்னிரண்டு பலகைகளை மாட்டித் தேர்தலை நடத்தி முடித்துவிட்டார்கள்.

ராத்திரிக் காவல்

ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணும் வரை எந்திரங்கள் தூங்குகின்றன. சென்னையில் லயோலா கல்லூரி, ராணி மேரி கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் என்று கல்லூரி அறைகளில் அடைத்து, கதவுக்குச் சீல் வைத்து, வாசலில் துணை ராணுவம் நிற்கும். கேமரா ஓடும். வெளியே கட்சிக்காரர்கள் பந்தல் போட்டுப் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். சில தேர்தல்களில் வாரக்கணக்கில் கிடக்கவேண்டும். 2021-ல் ஏப்ரல் 6 ஓட்டு, மே 2 எண்ணிக்கை. இடையில் 26 ராத்திரி!

2019 ஏப்ரலில் மதுரை மருத்துவக் கல்லூரியில் எந்திரங்கள் இருந்த வளாகத்துக்குள் பெண் தாசில்தார் ஒருவர் அனுமதி இல்லாமல் நுழைந்தார். ஆவணங்கள் இருந்த அறைக்குள் இருந்தார் என்று பெரும் சர்ச்சை. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய், கலெக்டர் வரை மாற்றப்பட்டார்கள். 2024-ல் ஊட்டியில் காப்பறைக் கேமராப் படங்கள் சுமார் 20 நிமிடம் திரையில் தெரியாமல் போய்விட்டன. வெயிலால் ஏற்பட்ட கோளாறு என்றார்கள். அந்த 20 நிமிடம் கட்சிக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது.

உள்ளபடி சொன்னால், எந்திரத்துக்குப் பெரிய காவல் கேமரா அல்ல. சாவடிக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுதான். பொட்டலச் சோறும் டீயும் செலவுக்குச் சில ரூபாயும் வாங்கிக்கொண்டு வரும் ஆள். அவருடைய வேலை விடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி ஓட்டு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, கணக்கு சரியா என்று ஏஜெண்டு கண் முன்னால் காட்டி, பிறகு அழிக்கவேண்டும். அழிக்க மறந்தால் அந்த 50-ம் உண்மை ஓட்டோடு சேர்ந்துவிடும். மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டவேண்டும். பச்சைக் காகிதச் சீலில் ஏஜெண்டு கையெழுத்துப் போடவேண்டும். அதன் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் "குளோஸ்" அமுக்கியதும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி 17-சி என்ற பாரத்தில் ஒரு நகல் ஏஜெண்டு கையில் தரவேண்டும். எண்ணும் நாளில் எந்திரம் காட்டும் எண்ணும் அந்த எண்ணும் ஒத்துப்போகவேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே கேட்கலாம். சிப்பு படிக்க பொறியியல் படிப்பு வேண்டும். 17-சி படிக்க அஞ்சாம் வகுப்பு போதும்.

ஆனால் எத்தனை ஏஜெண்டுகள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்? மதியம் பிரியாணி வந்ததும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள் என்று கட்சிக்காரர்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தோற்ற பிறகு எந்திரத்தைத் திட்ட மட்டும் மைக் கிடைத்துவிடுகிறது.

மறுபடி 92

வேளச்சேரிக்கு வருவோம். மறு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 17-ந்தேதி, சனிக்கிழமை நடந்தது. ஒரே ஒரு சாவடி. அது ஆண்கள் ஓட்டுப் போடும் சாவடி. அதற்காகப் பள்ளிக்கூட வாசலில் போலீஸ் பட்டாளம், கமிஷன் அதிகாரிகள், கேமராக்காரர்கள். கொரோனா இரண்டாவது அலை தலைதூக்கிக்கொண்டிருந்த சமயம். முகமூடி, கையுறை, காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் இருந்தன.

ஓட்டர்தான் குறைவு. ஐந்நூற்றுக்கு மேல் ஓட்டு இருந்தும் பாதிப் பேர்கூட வரவில்லை. ஒரு தடவை போட்ட ஓட்டை இன்னொரு தடவை போட, காய்ச்சல் பயத்தையும் மீறி எத்தனை பேர் கிளம்புவார்கள்? அன்றைக்கு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் அவசரத்துக்கு, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் ஓட்டு பலியானது.

வந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். பதினோரு நாள் முன்பு இடது ஆட்காட்டி விரலில் வைத்த மைசூர் மை அப்படியே இருந்தது. அது எந்த எந்திரம் வந்தாலும் அழிவதில்லை. மறு ஓட்டுப்பதிவு என்றால் நடுவிரலில் மை வைப்பது வழக்கம். 92-ம் சாவடியில் இருந்து வெளியே வந்தவர்கள் கேமராவுக்கு இரண்டு விரலைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.